படகு கரையில், ஆட்கள் கடலில்

பழவேற்காட்டில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதற்குக் குளிரான அறை வேண்டும் என்றார்கள். பழைய உப்புக் கிடங்கு ஒன்றுக்குச் சுண்ணாம்படித்து, ஜன்னல்களை அடைத்து, ஏ.சி. பொருத்தினார்கள். உப்பு சுவரை விட்டுப் போகவில்லை. சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வெள்ளைப் பொடியாக வெளியே வந்தது. மாலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது சுவரைத் துடைப்பது. விடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி பொடி பூத்திருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம். அதற்குச் சில வருஷங்களுக்கு முன் அடித்த புயலில் எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு குப்பமும் ஒரு எண்ணிக்கை சொன்னது. கரையில் பத்திரமாக இருந்தவர்களைத் தேடி லாஞ்சு போனது. தேட வேண்டியவர்களை யாரும் தேடவில்லை. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வந்து படகுப் பதிவு மையம் என்று ஒன்றை வைத்தது. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்திலிருந்து சுண்ணாம்புக்குளம் வரைக்கும் ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு வயர்லெஸ் பெட்டி. படகு புறப்பட்டால் சொல்ல வேண்டும், திரும்பினால் சொல்ல வேண்டும். மையத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். தினமும் பொழுது சாயும் நேரத்தில், இன்னும் கடலில் இருப்பவர்களின் பெயர்களை அச்சடித்து வாசல் பலகையில் ஒட்டுவோம். பதிவுச்சீட்டு இல்லாமல் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டூரில் சும்மா கிடந்த எனக்கு அங்கே ராத்திரி ஆபரேட்டர் வேலை கிடைத்தது. மையத்தின் செயலாளர் அப்துல் ஹை. எல்லோருக்கும் ஹை பாய். பதிவு போடுகிறவள் மார்கரெட். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, முகத்துவாரக் குப்பத்துப் பெண். அம்மா செத்த பிறகு தம்பி தேவதாசை வளர்த்தது அவள்தான். தேவதாஸ் ‘விடிவெள்ளி’ என்கிற படகில் போய்க்கொண்டிருந்தான். அந்தப் படகுக்கு நாலு ஆள். தேவதாசின் மனைவி ரோசி.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலில் இருக்கிற ஆளின் பெயரைக் கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஏன் என்று கேட்டுப் பார்த்தேன். சொல்லக் கூடாது, அவ்வளவுதான். படகு திரும்பினால் படகின் பெயரை மட்டும் சொல்வார்கள். ஆள் தண்ணீரை விட்டு ஏறி, காய்ந்த மண்ணில் கால் வைத்து, தலைத்துணியை அவிழ்த்த பிறகுதான் அவன் பெயர் வாயில் வரும். பாய் மடிக்க வேண்டும், வலை இறக்க வேண்டும். படகின் பெயருக்கும் கடைசி ஆளின் பெயருக்கும் நடுவில் அரை மணி நேரம்கூட ஓடிவிடும்.

புரோகிராம் எழுத வந்த மெட்ராஸ் என்ஜினீயர் படகையும் ஆட்களையும் ஒரே ஸ்கிரீனில் ஏற்றிவிடலாம் என்றாராம். மார்கரெட் முடியாது என்றுவிட்டாள். படகு வந்துவிட்டது என்பதால் ஆள் வந்துவிட்டதாக நான் எழுத மாட்டேன் என்றாள். அதனால் இரண்டு ஸ்கிரீன், இரண்டு ஃபைல். படகுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. படகு வந்து ஆள் வராத அந்த இடைவெளி எங்கள் மையத்தில் தினமும் திறந்து கிடந்தது.

அதே என்ஜினீயர்தான் இன்னொரு ஏற்பாடும் செய்துவைத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷின் தானாகவே எல்லா ஃபைலையும் டேப்பில் நகலெடுக்கும். பதிவுகளை ஏற்றுகிற டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும். டேட்டாபேஸுக்கு நகல் எடுப்பது தெரியாது. மிஷினை ஓட்டுவதும் நகல் எடுப்பதுமான யூனிக்ஸுக்கு டேட்டாபேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு எல்லாம் ஃபைல்தான். வரிசையாகப் படித்து டேப்பில் எழுதும். முதலில் ஆட்கள் ஃபைல், கடைசியில் படகு ஃபைல். மெதுவான மிஷின். இரண்டுக்கும் நடுவில் கரையில் என்னென்னவோ நடந்துவிடும்.

நான் அவரிடம் சொன்னேன். சந்தையில் நாம் கூடைகளை எண்ணிக்கொண்டு போகும்போதே ஒருவன் கூடையைத் தூக்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை எப்படிச் சரியாக இருக்கும்? ஒரு கூடையை இரண்டு தடவை எண்ணுவோம், ஒன்றை விட்டுவிடுவோம். அதோடு, மார்கரெட் தட்டியது உடனே டிஸ்குக்குப் போவதில்லை. கொஞ்ச நேரம் மெமரியிலேயே நிற்கிறது. பதிவை நிறுத்தி, மெமரியில் இருப்பதை டிஸ்கில் இறக்கி, டேட்டாபேஸை மூடிவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும்.

“ஆறு மணிக்குத்தான்யா படகெல்லாம் வருது. அந்த நேரத்துல பதிவ நிறுத்தவா இந்த மிஷின வாங்கியிருக்கு?” என்றார் அவர்.

அவர் சொன்னதும் நியாயம்தான்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, டிஸ்க் கத்தியது. தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். பிறகு நின்றுவிட்டது. என்ஜினீயர் வருகிற வரைக்கும் பதிவு காகிதத்தில் நடந்தது. அவர் புது டிஸ்க் மாட்டி, கடைசியாக எடுத்த டேப்பை அதில் இறக்கி, காகிதத்தில் இருந்ததையும் ஏற்றச் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அச்சடித்த தாளில் நாலு பெயர் கூடுதலாக வந்தன. விடிவெள்ளியின் நாலு பேரும் கடலில் இருந்தார்கள். படகைக் கேட்டால் கரையில் என்றது மிஷின்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. டிஸ்க் போன நாளுக்கு முந்திய சாயங்காலம் விடிவெள்ளி திரும்பியிருந்தது. டேப் ஆட்கள் ஃபைலைப் படித்தபோது நாலு பேரும் இன்னும் இறங்கவில்லை. படகு ஃபைலுக்கு வந்து சேர்ந்தபோது படகு கரையில் இருந்தது. டேப் இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டது. அப்படி ஒரு நேரம் உண்மையில் இருந்ததே இல்லை என்று சொல்லவும் முடியாது. பாய் மடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்கள் அப்படித்தான் இருந்தன. மிஷின் அந்த நிமிஷங்களிலேயே நின்றுவிட்டது.

தேவதாஸ் மையத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு பலகையைப் படித்தான்.

“அக்கா, நான் கடல்ல கீறேனாம். அப்போ வூட்ல குந்திக்கினு சோறு துன்றது யாரு?”

“ரோசிய கேளுடா. அதுக்குத்தான் தெரியும்” என்றார் ஹை பாய்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஆட்கள் ஸ்கிரீனைத் திறந்து தம்பியைக் கரையில் இறக்கப் பார்த்தாள். படகு இன்று கடலிலிருந்து திரும்பவில்லை, ஆளை இறக்க முடியாது என்றது மிஷின். சரி, நாலு பேரையும் படகோடு புதிதாகக் கடலுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால், இவர்கள் ஏற்கெனவே கடலில் இருக்கிறார்கள், மறுபடி அனுப்ப முடியாது என்றது. எந்தப் பக்கமும் கதவு திறக்கவில்லை.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டோம். என்ஜினீயர் வழி சொன்னார். ஸ்கிரீனில் படகை மட்டும் ஆள் இல்லாமல் கடலுக்கு அனுப்பு. அப்போது அது கடலில் இருக்கும். உடனே திரும்பி வந்ததாகப் போடு. பிறகு ஆட்களை இறக்கு. இரண்டு நிமிஷ வேலை.

“போடு மார்கரெட்டு” என்றார் ஹை பாய்.

“போகாத படகைப் போச்சுன்னு போடவா?”

“மிஷினுக்குத்தானேம்மா போடுற. கடலுக்கா போடுற?”

“பாய், இன்னிக்கு வரைக்கும் நடக்காத ஒண்ண நான் இதுல எழுதுனது இல்ல. நான் எழுதுனா அது நடந்துச்சுன்னுதான் ஏழு குப்பமும் நம்பிக்கினு கீது. ஒரு தடவ பொய் எழுதிட்டா, நாளைக்குப் புயல்ல எந்த வரி நெசம், எந்த வரி பொய்னு நீங்க சொல்லுவீங்களா?”

ஹை பாய், அடுத்த வாரம் என்ஜினீயரை நேரில் வரச் சொல்லி உள்ளேயே சரிசெய்துவிடலாம் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் வருவதற்குள் குப்பத்தில் பெயர்கள் நின்றுபோயின.

யாரும் முடிவு செய்து நிறுத்தவில்லை. பலகையில் பெயர் இருந்தால் வாயில் வராது, அவ்வளவுதான். அது பழகிப்போன நாக்கு. ரோசி புருஷனை ‘இந்தா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். டீக்கடையில் ‘அந்த நாலு பேர்’ என்றார்கள். பதிவுச்சீட்டு கிடைக்காததால் நாலு பேரும் கடலுக்குப் போகவும் முடியவில்லை. பகலெல்லாம் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போனவர்கள் அவர்களைப் பார்க்காமல், அவர்களுக்குப் பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்துப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், கடலில் இருப்பவர்களுக்காகச் செய்கிற ஜெபத்தில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நாலு பேரில் இரண்டு பேர் அதே கோயிலில் முட்டி போட்டு இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் ரோசி மையத்துக்கு வந்தாள்.

“அண்ணி, அவர மிஷின்ல இருந்து இறக்குங்க.”

“இன்னாடி ஆச்சு?”

“கட்டிலை விட்டுக் காலைக் கீழ வெக்க மாட்டேன்றாரு. தரை ஆடுதாம். சோத்தை மடியில வெச்சுக்கினு சாப்புடுறாரு, கிண்ணம் நழுவிப் போற மாதிரி ஒரு கையால புடிச்சுக்கினே. காலையில படுக்கையெல்லாம் நனைஞ்சு கிடக்குது அண்ணி. வேர்வையானு மோந்து பாத்தேன். வேர்வை இல்ல.”

“நீ கூப்ட்டா திரும்புறானா?”

“பேர் சொல்லி எப்படிக் கூப்புடுறது?” என்றாள் ரோசி.

நான் அன்று தேவதாசைப் போய்ப் பார்த்தேன். அவன் உள்ளங்கைகள் வெளுத்து, தோல் சுருங்கி இருந்தன. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய கை. “இன்னாய்யா இது?” என்றேன். “காத்து தெக்கால திரும்பணும் கோபாலு. திரும்பினா வந்துடலாம்” என்றான். வீட்டுக்குள் காற்றே இல்லை.

வேலை இல்லாமல், தூக்கம் இல்லாமல், ஊரே முகம் பார்த்துப் பேசாமல் கிடந்தால் எந்த மனுஷனுக்கும் இப்படி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் போதும், வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் பயத்தில் கை ஊறாது.

இரண்டு நாள் கழித்து விடியும் நேரத்தில் அந்த நாலு பேரில் ஒருவரான பொன்னுரங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் முகத்துவாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். எப்போது இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். ‘யோவ்’ என்றார்கள், ‘அண்ணே’ என்றார்கள். பெயரை யாரும் சொல்லவில்லை. கடைசியில் தண்ணீரில் இறங்கித் தோளில் கை வைத்து இழுத்து வந்தார்கள். இழுத்து வந்தவர்களில் ஒருவனிடம் அவர் கேட்டது, “நீ எந்தப் படகு?”

அதைக் கேட்ட அன்று மார்கரெட் வாசல் பலகையில் இருந்த அந்த நாலு பெயர்களின் மேல் கை வைத்துக் கேட்டாள்.

“கோபாலு, மிஷினு இன்னா சொல்லுது? படகு இங்க, ஆளு அங்க. அவ்ளோதானே?”

“ஆமாங்க்கா.”

“அப்போ படகை அங்க அனுப்புனா?”

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அது சரியாக இருந்தது. பொய் எழுத வேண்டாம். நிஜமாகவே விடிவெள்ளியை ஆள் இல்லாமல் கடலுக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு படகு அதைக் கட்டி இழுத்துப் போகட்டும். நாலு பேரும் அந்த இன்னொரு படகில் போகட்டும். அவர்கள் போனதை எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே கடலில் இருக்கிறவர்களை எப்படி அனுப்புவது? வெளிக்கடலில் அவர்கள் விடிவெள்ளியில் ஏறித் திரும்பி வரட்டும். படகு வந்தால் படகை எழுதலாம். ஆள் இறங்கினால் ஆளை எழுதலாம். எதிலும் பொய் இருக்காது.

படகு இரண்டுக்கும் சொந்தக்காரர் தனக்கோடி. கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“எம் படகை நானே பொணம் மாதிரி கட்டி இழுத்துக்கினு போவணும். நல்லாக் கீதும்மா உன் ரோசனை.”

“வர்றப்போ பாய் விரிச்சு வரும் நைனா.”

“வரணும்” என்றார் அவர். மறுநாள் மத்தியானம் புறப்பட்டார்கள். முகத்துவாரத்து இறங்குதுறையில் வயர்லெஸ் பார்க்கிற ஷாகுல் ஹமீது சொன்னான்: “விடிவெள்ளி போவுது அக்கா. ஆளு இல்ல.” மார்கரெட் அப்படியே எழுதினாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் புது டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் மணல் அரைகிற மாதிரி. பிறகு நடுநடுவே ஒரு சொடுக்கு. மெட்ராஸுக்குப் பேசினேன். என்ஜினீயர், நாளைக் காலையில் வேறு டிஸ்கோடு வருகிறேன், அதுவரைக்கும் தாங்காது போலிருக்கிறது, ஒரு நல்ல நகல் எடுத்து வை என்றார். இந்த நிலைமையில் டிஸ்க் முழுவதையும் ஒரு தடவை படிக்கத் தாங்கும், இரண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்லை என்றும் சொன்னார்.

எங்களிடம் இருந்த டேப்புகள் எல்லாவற்றிலும் அந்த நாலு பேர் கடலில்தான் இருந்தார்கள். இப்போது டிஸ்க் போனால், இவர்கள் கரையேறினாலும் மறுபடி அதே டேப். மறுபடி அதே நாலு வரி.

ஆறு மணிக்குத் தானாக ஓடுகிற கட்டளையை எடுத்துவிட்டேன். மற்ற இறங்குதுறைகளுக்கெல்லாம் சொல்லச் சொன்னேன்: வருகிற படகைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், நாங்கள் சொல்லும் வரை அனுப்பாதீர்கள். சுண்ணாம்புக்குளத்துக்காரன் மட்டும் இரண்டு தடவை ஏன் ஏன் என்று கேட்டான். மார்கரெட் திட்டிய பிறகு அடங்கினான். இனி ஸ்கிரீனுக்கு வரப்போவது ஒரு படகு, நாலு ஆள். அது முடிந்ததும் டேட்டாபேஸை மூடி, மெமரியில் இருப்பதை இறக்கி, நகல் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் பழைய கதை. ரொம்பத் தாமதித்தால் நகலே இல்லை.

வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. அறையில் மார்கரெட், ஹை பாய், நான். டிஸ்க் அரைக்கிற சத்தத்தை மூன்று பேரும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

“விடிவெள்ளி” என்றது வயர்லெஸ். ஷாகுலின் குரல். “பாய் விரிச்சு வந்துச்சு அக்கா. கரையத் தொட்டுட்டாங்க.”

மார்கரெட் படகை எழுதினாள். படகு கரையில். ஆட்கள் கடலில். டேப் செய்த தவறு இப்போது நிஜமாகவே ஸ்கிரீனில் இருந்தது.

“பொன்னுரங்கம்” என்றான் ஷாகுல். எழுதினாள். ஒரு வாரமாக யாரும் சொல்லாத பெயர். ஹை பாய் முணுமுணுப்பாக அல்லாவின் பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பெயர். பிறகு மூன்றாவது.

அதற்குப் பிறகு பெயர் வரவில்லை.

டிஸ்கின் சொடுக்கு அடிக்கடி வரத் தொடங்கியது. மார்கரெட் மைக்கை எடுத்தாள்.

“ஷாகுலு, இன்னாப்பா?”

“அவரு இறங்கல அக்கா. படகுல குந்திக்கினு கீறாரு. ரெண்டு பேர் கையப் புடிச்சு இழுத்துப் பாத்தாங்க. உதறிட்டாரு. இன்னும் வரல, இன்னும் வரலைன்றாரு.”

ஹை பாய் என் பக்கம் திரும்பினார். “மூணு பேர் வந்தாச்சு. இப்பவே டேப் எடுப்பா.”

“எடுத்தா நாலாவது ஆளு அதுல கடல்லயே நிப்பான் பாய்.”

“எடுக்கலைன்னா? டிஸ்கு போச்சுன்னா நாலு பேருமே நிப்பாங்க. மூணு குடும்பம் இருக்குப்பா!”

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மார்கரெட்டைப் பார்த்தேன். விசைப்பலகை என் பக்கம் இருந்தது. மூடு என்று ஒரு கட்டளை தட்டினால் போதும். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் தம்பிக்காக மற்ற மூன்று பேரையும் பணயம் வைப்பதாகும். எடு என்றும் சொல்லவில்லை.

மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

“தேவதாசு!”

கடலை விட்டுக் கரையேறாதவனின் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹை பாய் எழுந்து நின்றுவிட்டார். அவள் பொத்தானை விட்டாள்.

“வந்துட்டேன்க்கா” என்றது வயர்லெஸ்.

தெளிவான குரல். தேவதாசின் குரல்தான். பின்னால் காற்று இல்லை, தண்ணீர் இல்லை, ஆள் சத்தம் இல்லை. பக்கத்து அறையில் நின்று சொன்ன மாதிரி இருந்தது.

“வந்துட்டான்!” என்றார் ஹை பாய். “வந்துட்டேன்னு சொல்லிட்டானே, போடும்மா! எழுது!”

டிஸ்க் நீளமாக ஒரு தடவை அரைத்தது. ஸ்கிரீனில் எழுத்துகள் ஒரு கணம் உறைந்து மறுபடி வந்தன. மார்கரெட்டின் விரல் தேவதாசின் வரிக்கு நேராக நின்றது. அவள் தட்டவில்லை.

“கால் வெச்சான்னு யாரும் சொல்லல” என்றாள்.

வயர்லெஸ் கரகரத்தது. இப்போது காற்றும் அலையும் ஆள் சத்தமும் சேர்ந்து வந்தன. “அக்கா, இன்னா சொன்னீங்க? காத்துல காதுல விழல. திரும்பச் சொல்லுங்க” என்றான் ஷாகுல்.

“இப்போ பேசுனது யாரு?”

“யாரும் பேசலையே. மைக்கு என் மடியில கீது. நான் பொத்தானையே தொடல.”

“என் தம்பி எங்க?”

“படகுல தான். இருங்க.” கொஞ்ச நேரம் வெறும் காற்று. “இப்போ எழுந்து நிக்கிறாரு. நம்ம பொட்டியப் பாத்துக்கினு கீறாரு. நீங்க கூப்ட்டது அவருக்குக் கேட்டிருக்கும் போல. இறங்குறாரு... தண்ணியில நிக்கிறாரு அக்கா. கடலப் பாத்துத் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.”

மார்கரெட் மறுபடி கூப்பிடவில்லை. காத்திருந்தாள். நானும் கட்டளையைத் தட்டாமல் காத்திருந்தேன். ஹை பாய் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் டிஸ்க் செத்திருக்க வேண்டும். ஏன் சாகவில்லை என்று எனக்குத் தெரியாது.

“மண்ணு மேல கால் வெச்சுட்டாரு” என்றான் ஷாகுல். “தலைத்துணி அவுத்தாச்சு. தேவதாஸ்.”

அவள் எழுதினாள்.

நான் பதிவை மூடினேன். திறந்து கிடக்கிற வேலை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். மெமரியில் இருந்ததை டிஸ்கில் இறக்கினேன், சந்தேகத்துக்கு இன்னொரு தடவை இறக்கினேன். டேட்டாபேஸை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் டேப்பை ஓடவிட்டேன்.  முடிந்ததும் டேப்பையே திருப்பிப் படித்துப் பார்த்தேன். இரண்டு ஃபைலும் முழுதாக இருந்தன. நாலு பேரும் கரையில். படகும் கரையில்.

டிஸ்க் மறுநாள் விடிகாலையில் செத்தது. என்ஜினீயர் பத்து மணி பஸ்ஸில் வந்து வேறு டிஸ்க் மாட்டி என் டேப்பை இறக்கினார். ஆறு மணி ஏற்பாட்டைத் திரும்பப் போடட்டுமா என்று கேட்டார். ஹை பாய் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் நகல் எடுத்ததெல்லாம் கடைசி ஆள் இறங்கிய பிறகுதான். சில நாள் அதற்கு விடியற்காலை ஆகிவிடும். பழைய டேப்புகளை நான் உப்பங்கழியில் போடலாம் என்றேன். மார்கரெட் தண்ணீரில் போடக் கூடாது என்றுவிட்டாள். செங்கல் சூளைக்குக் கொண்டுபோய் எரித்தோம்.

தேவதாஸ் ஒரு வாரத்தில் கடலுக்குப் போனான். கைகள் காய்ந்து பழையபடி ஆகிவிட்டன. வெளிக்கடலில் என்ன நடந்தது என்று கேட்டால், படகு மாறி ஏறினோம், வந்தோம் என்பான். நால்வரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தக் குரலைப் பற்றி மட்டும் நான் மார்கரெட்டிடம் ஒரு தடவை கேட்டேன். வயர்லெஸ்ஸில் எங்கேயாவது எதிரொலித்திருக்கும், வேறு அலைவரிசை ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று நானே இரண்டு காரணமும் சொன்னேன். அவள் பதிவு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கரையில ஏறுனவன் என் தம்பி. அவன எழுதுனேன். அந்தப் பக்கம் நின்னுக்கினு வந்துட்டேன்னு சொன்னானே, அவன நான் எழுதல. ஏன் கோபாலு, எழுதியிருக்கணும்ன்றியா?”

“இல்லக்கா.”

“அப்போ உடு” என்றாள். ஆரம்பாக்கத்து வயர்லெஸ் ஒரு படகின் பெயரைச் சொன்னது. அதை எழுதிவிட்டு, அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்களின் பெயர்களுக்காகக் காத்திருந்தாள்.